96-ல் வைத்தால் கூஸ்நெக் கெட்டில் நிற்பதே இல்லை (கொடைக்கானல் வந்த பிறகுதான் இப்படி)

மதுரைமல்லி:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரு மின்சார கூஸ்நெக் கெட்டில் (மூக்கு மெல்லிசாக வளைந்திருக்கும் ரகம்) வைத்திருக்கிறேன். 1000 வாட், 800 மில்லி, சூட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி இறக்கலாம். மதுரையில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. 96-ல் வைப்பேன், மூன்று நிமிடம் சொச்சத்தில் பீப் அடித்து நிற்கும், வி60-ல் (ஃபில்டர் தாள் வைத்துக் காபி வடிக்கும் கூம்பு) ஊற்றிக் குடிப்பேன்.

கணவருக்கு மாற்றலாகி கொடைக்கானல் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து அந்த பீப் சத்தத்தையே கேட்கவில்லை. எண் மளமளவென்று ஏறுகிறது, 93 வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. கெட்டில் அணைவதும் இல்லை. மூடி தடதடவென்று ஆடுகிறது, மூக்கு வழியாக வெந்நீர் துப்புகிறது. நேற்று புறங்கையில் பட்டு இன்னும் எரிகிறது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், சென்சார் போயிருக்கும், அடிப்பாகத்தையே மாற்ற வேண்டும், 1,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? காபியும் முன்போல இல்லை, வெறும் புளிப்பாக இறங்குகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்டுக்கல் வயர்மேன்:
பணம் கட்டிவிடாதீர்கள் அம்மா, முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். மலையில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 230-க்குப் பதில் 180 வந்தால் ஹீட்டரின் வேகம் அதே கணக்கில் குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும். 1000 வாட் கெட்டில் 600 வாட் கெட்டில் ஆகிவிடும். இன்னொன்று, அடியில் உப்புப் படிந்திருந்தாலும் சென்சார் தப்பாகக் காட்டும். உள்ளே வெள்ளையாகப் படிவு தெரிகிறதா? அரை லிட்டர் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். 93 வர எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் எடுத்துவிட்டுச் சுவர் பிளக்கில் நேராக மாட்டிப் பாருங்கள்.

மதுரைமல்லி:
நன்றி அண்ணே. எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிவிட்டேன், மதுரைத் தண்ணீரின் படிவு நிறையவே இருந்தது. இப்போது உள்ளே பளபளவென்று இருக்கிறது. ஆனால் கெட்டில் மாறவில்லை. நேராகச் சுவர் பிளக்கில்தான் மாட்டியிருக்கிறேன். 600 மில்லி பச்சைத் தண்ணீர் நாலு நிமிடத்தில் 93-க்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன், ஒரு டிகிரிகூட நகரவில்லை. தராசில் வைத்தால் தண்ணீர் 400 கிராமுக்கும் கீழே போய்விட்டது.

திண்டுக்கல் வயர்மேன்:
நாலு நிமிடத்தில் வருகிறது என்றால் ஹீட்டரும் வோல்டேஜும் நன்றாக இருக்கின்றன. நான் சொன்ன காரணம் இல்லை. மற்றவர்கள் சொல்லட்டும், நானும் தெரிந்துகொள்கிறேன்.

தோட்டத்துக்காபி (தாண்டிக்குடி):
தங்கச்சி, உங்கள் கெட்டிலில் எந்தக் கோளாறும் இல்லை. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 96-க்கு அது ஒருநாளும் போகாது.

உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் 2,100 மீட்டருக்குப் பக்கம், அதனால் ஏழு டிகிரி குறைகிறது. மதுரை நூற்றுச் சொச்சம் மீட்டர்தான், அங்கே 99-க்கு மேல்தான் கொதிக்கும். அதனால் உங்கள் 96-ஐ எளிதாகத் தொட்டது. இங்கே கொதி வந்தபிறகு நீங்கள் கொடுக்கிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது. தராசில் காணாமல் போன 200 கிராம் அதுதான். கெட்டில் பாவம், 96 வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வைத்து கேஸ் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். இங்கே வந்ததிலிருந்து துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் வேக மறுக்கிறதா? அதற்கும் இதே காரணம்தான். குக்கர் இல்லாமல் மலையில் குடும்பம் நடத்த முடியாது.

இன்று முதல் 91-ல் வையுங்கள். பீப் அடிக்கும், அணையும், துப்பாது. 93-ல் வைக்காதீர்கள், அது கொதிநிலையின் விளிம்பு, வானிலை மாறி அழுத்தம் சற்றுக் குறைந்தாலே மறுபடி நிற்காமல் ஓடும். சூட்டைத் தாங்கி வைக்கும் ‘ஹோல்டு’ பொத்தானை அழுத்திவிட்டு 96-ல் விட்டுப் போனால் தண்ணீர் வற்றி அடி காயும். காய்ந்தால் அணையும் பாதுகாப்பு இருக்கும்தான், ஆனால் அதை நம்பி ஆளில்லாமல் விட வேண்டாம்.

மதுரைமல்லி:
அக்கா, கேஸ் அடுப்பிலும் 93-தான் காட்டியது! பருப்பு விஷயமும் உண்மை, நான் கடைக்காரர் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 91-ல் வைத்தேன், பீப் அடித்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு அப்புறம் கேட்கிறேன்.

காபிக்கு வருகிறேன். நான் செய்வது ஜப்பானியக் காபி நிபுணர் டெட்சு கசுயாவின் 4:6 முறை, அதாவது தண்ணீரை 40, 60 சதவீதமாகப் பிரித்து ஊற்றுவது. 20 கிராம் தூள், 300 மில்லி தண்ணீர், 60 மில்லியாக ஐந்து தடவை, 45 விநாடி இடைவெளி. தூள் பருமனாகத்தான் அரைக்கிறேன். பீங்கான் கூம்பு. மதுரையில் அவ்வளவு இனிப்பாக வந்த அதே கொட்டை இங்கே புளிக்கிறது. கொதிநிலையே 93 என்றால் இனி நல்ல காபிக்கு வழியே இல்லையா?

தோட்டத்துக்காபி (தாண்டிக்குடி):
நிச்சயமாக இருக்கிறது. நாங்கள் காபி விளைகிற மலையிலேயே குடிக்கிறோம், எங்கள் ஊரிலும் தண்ணீர் நூறைத் தொடுவதில்லை.

91 என்பது காபிக்குக் குறைந்த சூடு இல்லை. குறைவது கெட்டிலைவிட்டு வெளியே வந்த பிறகு. உங்கள் பீங்கான் கூம்பு காலையில் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். மார்கழியில் ஒருநாள் நான் கூம்புக்குள் தெர்மாமீட்டரை விட்டேன். கெட்டிலில் 92, தூளின் நடுவில் 80-ஐ ஒட்டி இருந்தது. அந்தச் சூட்டில் புளிப்பு முதலில் இறங்கிவிடும், இனிப்பு உள்ளேயே தங்கிவிடும்.

கசுயா 2016-ல் காபி வடிப்பவர்களுக்கான உலக பிரூவர்ஸ் கோப்பையை வென்றவர், முறை அருமையானதுதான். ஆனால் குளிரில் அது உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பருமனான தூளில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். அடுத்த ஊற்று வருவதற்குள் தூள் வடிந்து ஆறிவிடும். இப்படி ஒவ்வொரு இடைவெளியிலும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். தாளைக் கூம்பில் வைத்து, கெட்டில் தண்ணீரில் 200 மில்லி தாராளமாக ஊற்றிக் கூம்பையும் கீழே உள்ள பாத்திரத்தையும் சூடாக்குவேன். கூம்பை வெளியே தொட்டால் கை சுட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலை மறுபடி அதன் மின்சார அடிப்பாகத்தின் மேல் வைத்து 91-க்குக் கொண்டுவருவேன். அரைப்பு பெரிய ரவை அளவில் இருந்தால் சன்ன ரவைக்கு இறக்குங்கள். 15 கிராம் தூள், 240 மில்லி தண்ணீர். முதலில் 45 மில்லி, தூள் முழுக்க நனைய வேண்டும். புதுக் கொட்டையாக இருந்தால் பணியாரம் மாதிரி உப்பி வரும். 40 விநாடி கழித்து நடுவிலிருந்து வட்டமாக, மொத்தம் 150 மில்லி ஆகும் வரை நிறுத்தாமல் ஊற்றுங்கள், தண்ணீர் பாதி இறங்கும்போது மீதியை ஊற்றுங்கள். மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடிய வேண்டும். மூன்றரையைத் தாண்டிக் கசந்தால் அரைப்பைக் கொஞ்சம் பருமனாக்குங்கள்.

இந்த மூக்கின் அருமை இங்கேதான் தெரியும். கொக்குக் கழுத்து மாதிரி கெட்டிலின் அடியிலிருந்து கிளம்பி வளைந்து வருவதால், நூல் மாதிரி ஒரே சீராக ஊற்றலாம். கழுத்து வரை நிரப்பினால் மட்டும் முதல் சாய்ப்பிலேயே குபுக்கென்று கொட்டும், முக்கால் அளவோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கூம்பு ஒன்று வாங்கினாலும் நல்லது, அது பீங்கான் அளவுக்குச் சூட்டை விழுங்காது. சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளை இதில் போடாதீர்கள், தாள் அடைத்துக்கொள்ளும்.

குன்னூர்_குளிர்:
நல்ல வேளை படித்தேன், நானும் ஒன்று வாங்க இருந்தேன். என் வீட்டுச் சாதாரண கெட்டில் இங்கே ஒழுங்காக அணைகிறதே, அது எப்படி?

திண்டுக்கல் வயர்மேன்:
அது ஆவி பட்டு அணைகிற ரகம் தம்பி. உள்ளே இரட்டை உலோகத் தகடு ஒன்று இருக்கும், கொதித்து ஆவி வந்து அதன்மேல் பட்டதும் வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். எண்ணே அதற்குத் தெரியாது. டிகிரி வைக்கிற கெட்டில் சென்சார் சொல்கிற எண்ணுக்காகக் காத்திருக்கும்.

நீங்கள் மலையில் வாங்குவதானால் உயரத்தைப் பதிவு செய்துகொள்கிற கெட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் குன்னூருக்கு 94 வரும், 92-ல் வைத்தால் தீர்ந்தது. 1000 வாட் போதும், ஆனால் வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுவிடாதீர்கள், 850 விஏ இன்வெர்ட்டர் தாங்காது. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 120 வோல்ட். நம் பிளக்கில் செருகினால் நாலு மடங்கு சக்தி பாய்ந்து நொடியில் புகைந்துவிடும். அப்படிப் புகைந்தது இரண்டு என்னிடம் வந்திருக்கிறது.

தோட்டத்துக்காபி (தாண்டிக்குடி):
வாங்கும்போது தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள் தம்பி. 800 மில்லி நிரம்பிய கெட்டில் ஒரு கையில் நடுங்காமல் நிற்க வேண்டும். தராசு இல்லையென்றால் முதலில் தராசு வாங்குங்கள், கெட்டில் அப்புறம்.

மதுரைமல்லி:
இன்று காலை அக்கா சொன்னபடியே செய்தேன். கூம்பு கை சுடுகிற அளவுக்குச் சூடு, சன்ன ரவை அரைப்பு, 91. மூன்று நிமிடம் ஐந்து விநாடியில் வடிந்தது. புளிப்பு போய், பின்னால் அந்த வெல்லப்பாகு இனிப்பு திரும்பிவிட்டது. கணவர் இரண்டாவது கப் கேட்டார். சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து அடிப்பாகம் வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் விளக்கிவிட்டேன். எழுதிக்கொண்டார்கள். அக்கா, உங்கள் பக்கத்துக் கொட்டை வறுக்காமல் கிடைக்குமா? தாண்டிக்குடிக்கு வரும் ஞாயிறு வருகிறோம்.