11 கிலோ குறைச்சுட்டேன், எல்லாரும் சூப்பர்ங்கறாங்க, ஆனா பீரியட்ஸ் வரல

மெஸ்_டோக்கன்:
பாண்டில ஹாஸ்டல்ல தங்கி எம்எஸ்சி ஃபர்ஸ்ட் இயர். ஜூலைல சேரும்போது 58 கிலோ, உயரம் 158. அக்கா நிச்சயதார்த்தத்துல ஜாக்கெட் கை பிதுங்கிட்டு நிக்கற மாதிரி ஒரு போட்டோ, அதப் பாத்துட்டு எங்க சித்தி "கல்யாணப் பொண்ண விட நீதான் நிறைஞ்சு இருக்கடி"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து நைட் சாப்பாடு கட், காலைல க்ரீன் டீ, மதியம் ஒரு சப்பாத்தி, சாயந்திரம் பீச் ரோட்டுல வண்டி விடாத டைம்ல காந்தி சிலைலேர்ந்து டூப்ளே சிலை வரைக்கும் போய்ட்டு வந்துட்டே இருப்பேன். இப்ப 47. க்ளாஸ்ல டிப்ஸ் கேக்கறாங்க. ஆனா 3 மாசமா பீரியட்ஸ் இல்ல, தலை குளிச்சா பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையே முடியால அடைச்சிக்குது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற கணக்கு) 18.8, நார்மல்னுதானே காட்டுது? பொங்கலுக்குள்ள 45 ஆக்கலாம்னு பாக்கறேன்.

நைட்_ட்யூட்டி_நர்ஸ்:
45ஆ? தங்கச்சி மொதல்ல அந்த டார்கெட்ட தூக்கிப் போடு. நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ 23லேர்ந்து ஓவர்வெயிட்னு கணக்கு, நீ ஆரம்பிக்கும்போதே 23.2தான், கோட்ட ஒட்டி நின்னவ, அதுக்கா இவ்ளோ கூத்து. பிஎம்ஐ நார்மல்னா உள்ள எல்லாம் நார்மல்னு அர்த்தம் இல்ல, வர்ற சோறு பத்தலன்னா கருமுட்டைப் பைக்கு போற சிக்னல மூளையே குறைச்சிடும், பீரியட்ஸ் நின்னுடும், எடை மெஷின் என்ன காட்டுனாலும் சரி. முடியும் அதே கததான், பட்டினி கெடந்து 2, 3 மாசம் கழிச்சு கொட்டும், அதனாலதான் எல்லாரும் ஷாம்பூ மேல பழி போடறாங்க. 3 மாசம் வரலன்னா டாக்டர்ட்ட காட்டியே ஆகணும், ஜிப்மர் ஓபிக்கு காலைலயே போயிடு. தைராய்டு, ப்ரோலாக்டின்ங்கற ஹார்மோன், ஹீமோக்ளோபின்லாம் பாப்பாங்க, ஹீமோக்ளோபின் 12க்கு கீழன்னா அனீமியா. என்ன சாப்டறன்னு கேட்டா உண்மைய சொல்லு, "டைமுக்கு சாப்டறேன் டாக்டர்"னு மட்டும் சொல்லிடாத.

ஓடி_பையன்:
எனக்கு அப்படியே உல்டா சிஸ். கடலூர் ஓடில, அதான் ஓல்டு டவுன்ல, எங்க தெருவுல என் பேரே ஒட்டடைக்குச்சி. ஜிம்ல ஒருத்தர் சொன்னார்னு டப்பா டப்பாவா புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடிச்சேன், வயிறு போனதுதான் மிச்சம், காசும் போச்சு. அம்மா வைக்கிற மத்திக் குழம்புல இருக்கறதுக்கு மேலயா அந்த டப்பால இருந்துச்சு.

பழைய_சுடிதார்:
மா, நானும் காலேஜ்ல இப்படி கெடந்தவதான். பசி கூட பழகிடும், "எப்டி இளைச்ச, செம்மயா இருக்க"ன்னு ஒருத்தர் சொன்னா அந்த ஒரு வார்த்தைக்கே இன்னும் ரெண்டு நாள் சாப்பிடாம ஓட்டிடுவேன். மயக்கம் போட்டு ஸ்டெப்ஸ்ல விழுந்தேன் பாரு, அதுக்கு மொத நாள் கூட யாரோ பாராட்டுனாங்க. சோத்தப் பாத்தாலே பயம் வருதா உனக்கு? வந்தா டாக்டர்ட்ட அதையும் சொல்லு. 14416க்கு போன் போட்டா தமிழ்லயே பேசலாம், டெலி மனஸ்னு கவர்மெண்டோடது, காசு இல்ல.

மெஸ்_டோக்கன்:
வருதுக்கா. மெஸ்ல சாதம் போடற அண்ணா கரண்டிய தூக்குனாலே தட்ட இழுத்துக்கறேன்.
ஓபிக்கு போய்ட்டு வந்துட்டேன். ஹீமோக்ளோபின் 9.8, மத்த ரிசல்ட் வியாழக்கிழமை. நேத்து நைட் ரெண்டு இட்லி எடுத்தேன், ஒன்னுதான் எறங்குச்சு. சித்தி வாட்ஸ்அப்ல "இப்ப எப்டி இருக்க, ஒரு போட்டோ அனுப்பு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, இன்னும் அனுப்பல.