மறு: மின்கம்பியில் ஓடும் வில்லுக்கு என்ன சொல்?

வணக்கம். இரு மின்கம்பிகளுக்கு நடுவே காற்று வழியாக மின்சாரம் எரிந்துகொண்டே கடப்பதுதான் வில் (மின்வில், ஆங்கிலத்தில் arc). அது கம்பியோடு ஓடும்போது தமிழில் என்ன சொல்வது என்பது கேள்வி. அதற்கு வந்த ஒரு பதில்:

> ‘ஏறுவில்’ என்றே வைத்துவிடலாமே. அறிவியல் கண்காட்சியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மேலே ஏறுகிற நெருப்பும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை ஐயா, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. கண்காட்சியில் இரு கம்பிகளும் செங்குத்தாக நிற்கும், மேலே போகப் போக விலகும். அங்கே வில்லை ஏற்றிவிடுவது பெரும்பாலும் சூடான காற்று. எங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போகிற 11 கிலோவோல்ட் கம்பிகளோ தரைக்கு இணையாகப் போகின்றன. அங்கேயும் சூடு வில்லை மேல்நோக்கி வளைக்கும்தான். ஆங்கிலேய அறிவியலாளர் ஹம்ப்ரி டேவி இரு கரித்துண்டுகளுக்கு நடுவே எரியவிட்டபோது அப்படி வளைந்ததால்தான் இதற்கு வில் என்ற பெயரே வந்தது. ஆனால் கம்பியோடு கம்பியாக அடுத்த கம்பத்தை நோக்கி அதைத் துரத்துவது சூடு அல்ல, காந்த விசை. ‘ஏறு’ என்று வைத்தால் காரணமே மாறிவிடும்.

நடப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சொல்லுக்கு வழி அதிலேயே இருக்கிறது. புயல்மழையில் ஈர மட்டை ஒன்று சாய்ந்து இரு கம்பிகளையும் ஒருசேரத் தொடுகிறது. உலர்ந்த காற்றை உடைக்க ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். 11 கிலோவோல்ட் இரு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தானாகத் தாண்டாது. மட்டை பாலம் போட்டுக் கொடுக்கிறது. மட்டை கருகி விழுந்தாலும் வில் அணையாது. காற்று அதற்குள் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறி மின்கடத்தியாகிவிட்டது, இனி சென்டிமீட்டருக்குச் சில பத்து வோல்ட்டே போதும்.

இப்போது மின்னோட்டம் ஒரு கம்பியில் வந்து, வில் வழியாகக் கடந்து, மற்றக் கம்பியில் திரும்புகிறது. இரு கம்பிகளின் காந்தப்புலமும் நடுவில் ஒரே திசையில் சேர்கின்றன. வில்லும் ஒரு மின்னோட்டம்தான். அது அந்தப் புலத்துக்குள் நின்றால் தள்ளப்படும். பள்ளியில் ஃபிளெமிங் இடக்கை விதிக்கு விரலை மடக்கினோமே, அதே கதை. தள்ளும் திசை எப்போதும் மின்சாரம் வரும் இடத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது பென்சாவாங்கை (துணைமின் நிலையத்தை) விட்டு விலகி. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை திரும்புகிறதே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். மின்னோட்டம் திரும்பும்போது புலமும் கூடவே திரும்புகிறது, ஆகவே விசையின் திசை மாறாது. மின்னோட்டம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. குறுக்குச்சுற்று பலமாக இருக்கும்போது எதிர்க்காற்றையும் மீறி அது ஓடுவது இதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘நகர்வில்’ என்றால் ‘நகர்வு’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தது போலப் படிக்கிறார்கள். ‘பாய்வில்’லுக்கும் அதே கதி. அதோடு பாய்ச்சலை, காப்பியின் (கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரின்) மேல் மின்சாரம் தாவுகிற நிகழ்ச்சிக்கென்று விட்டுவைப்பது நல்லது. தாவுவது முதலில், ஓடுவது அப்புறம். ‘மின்வில் ஓட்டம்’ மின்னோட்டத்தோடு குழம்பும். கொள்ளிவாய்ப் பிசாசு என்று எழுதியவருக்கு என் வாக்கு உண்டு, கேட்டதுமே யாரும் கிட்டே போகமாட்டார்கள், ஆனால் பாதுகாப்புக் கையேட்டில் அச்சிட முடியாது.

என் பரிந்துரை: ஓடுவில். ஓடுபாதை, ஓடுதளம் போல வினைத்தொகை. கூரை ஓடு நினைவுக்கு வரும் என்பது வீண் பயம். விமான நிலையத்தில் யாரும் ஓடுதளத்தைப் பார்த்துக் கூரையைத் தேடுவதில்லை.

இதற்கு எதிர்ச்சொல்லும் வேண்டும், அதுதான் இன்னும் அவசரம். வயர்மேன் நண்பர் ஒருவர், கழற்றிப் போட்ட அலுமினியக் கம்பித் துண்டைக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகக் குழிகள், விளிம்பில் கடுகளவு உருகி உறைந்த மணிகள். வில் ஓடிப்போன தடம் அது. கம்பி அறுந்திருக்கவில்லை. ஓடும் வில் எந்த இடத்திலும் நெடுநேரம் நிற்பதில்லையே! மேலுறை போட்ட கம்பியில் நிலைமை தலைகீழ். உறை கிழிந்த ஓட்டையில் வில்லின் கால் மாட்டிக்கொள்கிறது, நகர வழியில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கத் தாமதித்தால் கம்பி அறுந்து மரத்தடியில் கிடக்கும். பாதுகாப்புக்குப் போட்ட உறையே இப்படிச் செய்யும் என்று தோட்டத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள், எனக்கும் முதலில் விநோதமாகத்தான் இருந்தது. இதை ‘நின்றெரி வில்’ எனலாமா? ‘நிலைவில்’ என்றால் மறுபடி அந்த ‘இல்’ வந்து ஒட்டிக்கொள்ளும்.

மேல்நிலைப் பள்ளியில் மலாயில் படித்த பிள்ளைகள் ‘ஆர்க்கா’ என்றே பழகியவர்கள். அவர்களுக்கும் ஓடுவில், நின்றெரி வில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மின்துண்டிப்பிக்குள்ளும் (சர்க்யூட் பிரேக்கர்) இதே விசையை வைத்துத்தான் வில்லைத் தகடுகளின் வழியே ஓட்டி, அறைக்குள் துண்டு துண்டாக்கி அணைக்கிறார்கள். அந்தத் தகட்டுக்கு ‘வில்லோடு தகடு’ என்று போட்டுப் பார்த்தேன். ‘வில்லோடு’ என்பதை ‘வில்லுடன்’ என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம். காப்பியின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கு ‘வில்கொம்பு’ சரியாகவே படுகிறது. தகட்டுக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொற்பட்டியலை அனுப்ப வேண்டும்.