பழைய மேஸி 35 டிராக்டர், பி.டி.ஓ. விஷயம்: புதுப்பிப்பு

கிளட்சை மிதித்தால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரும் சேர்ந்து நிற்கிறதே, கோளாறா என்று எங்கள் மேஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் பற்றிக் கேட்டிருந்தேன். பாலக்கோட்டு மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பிளந்து பார்த்துவிட்டார். கோளாறெல்லாம் இல்லை, சிங்கிள் கிளட்ச் வண்டி. பி.டி.ஓ. (பின்னால் மாட்டுகிற கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்), கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக் பம்பு எல்லாமே அந்த ஒரே கிளட்ச் வழியாக ஓடுவதால் மிதித்தால் மொத்தமாக நிற்கும்.

டூயல் கிளட்ச் என்றால் பாதி மிதிக்கும்போது வண்டி மட்டும் நிற்கும், முழுசா மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். மாற்றிவிடு என்று சிலர் சொன்னீர்கள். ஆனால் கிளட்ச் பிளேட்டோடு முடியாது, கியர் பாக்ஸுக்குள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற இரட்டை ஷாஃப்டும் போட வேண்டும், அதற்குப் பேசாமல் டூயல் கிளட்ச் வண்டியே தேடலாம்.

எனக்குப் பயம் ஸ்லாஷர்தான். மாந்தோப்பில் புல் வெட்டும்போது கிளட்சை மிதித்தாலும், சுற்றுகிற பிளேடின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். அதனால் ஓவர்ரன்னிங் கப்ளர் மாட்டியாச்சு, அது டிராக்டரிலிருந்து பிளேடுக்கு என்று ஒரு பக்கம்தான் இழுக்கும், பிளேடு திருப்பித் தள்ளாது.

அப்புறம், மேஸி 135-ல் மல்டி பவர் (ஓடும்போதே கிளட்ச் மிதிக்காமல் லோ, ஹை மாற்றுகிற வசதி) பற்றிக் கேட்டவருக்கு: லோவில் இன்ஜின் பிரேக் பிடிக்காது, அதாவது இறக்கத்தில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. தொப்பூர் மாதிரி இறக்கத்தில் டிரெய்லரோடு போனால், சின்ன கியரில், மல்டி பவரை ஹையில் வைத்தே இறங்குங்கள்.