பழைய கார் இன்ஜின் பிளாக்குல (சிலிண்டர்கள் இருக்கற வார்ப்பிரும்பு உடம்பு) விரிசல்: எந்த ரிப்பேர் நின்னது, எது நிக்கல? பார்த்ததை எழுதுங்க

தண்டையார்பேட்டை ஏ40

ஆஸ்டின் ஏ40 டெவன், 1200 சிசி. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் அசெம்பிள் பண்ணின காலத்து வண்டி. பிளாக்கோட வெளிச்சுவர்ல, வெல்ச் பிளக்குக்கு (தண்ணி அறைத் துளையை மூடற தகடு) கீழே விரிசல், பார்வைக்கு 70 மி.மீ. துருவைக் கம்பி பிரஷ்ல கையாலதான் எடுத்தது. அந்த இடத்துல கிரைண்டர் வைக்கக் கூடாது, இரும்பு இழுபட்டு விரிசலோட வாய் மூடிக்கும்.

மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் ஊறவிட்டு, காய்ஞ்ச துணியால சுத்தமா துடைச்சு, சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்ல கரைச்சு மேல பூசியாச்சு. ஸ்பிரிட் ஆறி வெள்ளையாகற வரைக்கும் ஒண்ணும் தெரியல. அப்புறம் அந்த வெள்ளை மேல ஈரக்கோடு ஒண்ணு மெல்ல ஊர ஆரம்பிச்சது. 70-ல நிக்கல. பிளக் துளை ஓரமா வளைஞ்சு இன்னொரு 40 மி.மீ. மேல ஏறித்தான் நின்னது. கண்ணுக்குத் தெரிஞ்ச முனையில ஸ்டாப் ஹோல் (விரிசல் மேல ஓடாம நிறுத்தற துளை) போட்டிருந்தா, அந்த 40 மி.மீ. உள்ளே உயிரோட இருந்திருக்கும்.

தையல் (விரிசல் நெடுக மரை போட்ட பின் இறக்கி மூடறது) போட்ட கணக்கு: சுவர் கனம் 5 மி.மீ. சுமார். 5 மி.மீ. டிரில், எம்6 டாப் (6 மி.மீ. மரை வெட்டறது), மைல்டு ஸ்டீல் பின். முதல் வரிசை 8 மி.மீ.க்கு ஒண்ணு, 15 பின். சீலண்ட் தடவி இறுக்கி, 1 மி.மீ. வெளியே விட்டு அறுத்தது. அடுத்து ஒவ்வொரு ரெண்டு பின்னுக்கும் நடுவுல டிரில், டாப், இன்னொரு பின். அது ரெண்டு பக்கப் பின்னையும் 2 மி.மீ. கடிக்கணும். அந்தக் கடிதான் சீல். மொத்தம் 29. கடைசியா உருண்டைத் தலை சுத்தியால சின்னச் சின்ன அடியா அடிச்சு, தேய்ச்சு சமப்படுத்தணும். ரெண்டாவது வரிசை டிரில் பழைய பின் பக்கம் சறுக்கும். சென்டர் பஞ்ச் ஆழமா விழலன்னா நேரா இறங்காது.


கொருக்குப்பேட்டை கேஸ் வெல்டர்

29 பின் போட்டதுல தப்பில்ல அண்ணே. ஆனா இந்தக் குழுவுல எல்லாரும் வெல்டிங்னாலே பிளாக் போச்சுங்கறாங்க, அதை ஒத்துக்க முடியாது. ஃபியட் 1100டி, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடற கூடு) மாட்டற பிளாக் காது உடைஞ்சது. அங்கே தண்ணியும் இல்ல, போரும் (பிஸ்டன் ஓடற துளை) இல்ல, முழுக்க இழுவை. பின் போட்டா போல்ட் இறுக்கும்போதே பிரிஞ்சுடும்.

அந்தக் காதை முதல்ல யாரோ சாதா ராடுல ஒட்டியிருந்தாங்க. ஒட்டு முழுசா இருக்கு, ஒட்டுக்கு ஒரு நூல் தள்ளி புதுசா உடைஞ்சிருக்கு. வார்ப்பிரும்புல 3 சதவீதத்துக்கு மேல கார்பன். உருகின ஓரம் சட்டுனு ஆறினா கண்ணாடி மாதிரி வெள்ளை இரும்பா மாறிடும், டிரில் வச்சா வழுக்கும். ஆறும்போது "டிக்"குனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா திரும்பத் தோண்ட வேண்டியதுதான்.

சரியா செய்யணும்னா நிக்கல் ராடு. பிறகு மெஷினிங் இருக்கற இடத்துக்கு 99 சதவீத நிக்கல், பலம் வேணும்னா 55 சதவீத நிக்கல்-இரும்பு ராடு. 2.5 மி.மீ. ராடு, கரண்ட் எவ்வளவு குறைவா வைக்க முடியுமோ அவ்வளவு. ஒரு தடவைக்கு 25 மி.மீ. மட்டும். சிவப்பு மறையறதுக்குள்ள சுத்தியால தட்டணும், தட்டறதுதான் ஒட்டு சுருங்கற இழுவையை எடுக்கும். கை வைக்கற சூட்டுக்கு வந்த பிறகு அடுத்த 25, அதுவும் பக்கத்துல இல்ல, எதிர் முனையில. அறுபது வருஷம் எண்ணெய் குடிச்ச இரும்பு, முதல் ஒட்டு கட்டாயம் பொத்தலா வரும். அதைத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி போடுங்க. ரெண்டாவது, மூணாவதுலதான் சுத்தமா பிடிக்கும்.


ராயபுரம் போரிங்

காதுக்கு நீங்க சொல்றது சரி. அதையே போருக்குப் பக்கத்துல சொன்னா ஒத்துக்க மாட்டேன். போன மாசம் இதே குழுவுல, முழு பிளாக்கையும் 600 டிகிரிக்குச் சூடாக்கி ஒட்டிட்டு ஒரு நாள் சுண்ணாம்புல புதைச்சா போதும்னு ஒருத்தர் எழுதினார். விரிசல் ஒட்டும், மறுக்கல. அதுக்கப்புறம் கிராங்க் சுத்தற மெயின் பேரிங் வரிசை நேரா இருக்கான்னு யார் பார்க்கறது? லைன் போரிங் (அந்தத் துளைகளை ஒரே நேரா குடையறது), மேல் முகம், நாலு போர், எல்லாம் திரும்பச் செய்யணும்.

அம்பாசடர், பழைய 1489 சிசி. ஓட்டம் சரி, தண்ணி மட்டும் குறையுது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி வரிசையா வச்சா மூணு கருப்பு, ரெண்டாவது மட்டும் கழுவி வச்ச மாதிரி பளிச்சுனு இருந்தது. பிஸ்டன் தலையும் அப்படியே, ஆவி அடிச்சுத் துடைச்ச சுத்தம். எல்லாரும் ஹெட் கேஸ்கெட்தான்னாங்க. கேஸ்கெட்ல ஒரு தடமும் இல்ல. போர் சுவர்ல, மேலிருந்து 35 மி.மீ. கீழே முடி மாதிரி கோடு.

அதுக்கு வெல்டிங்கும் வேண்டாம், தையலும் வேண்டாம், டிரை ஸ்லீவ்தான் (போருக்குள்ள இறுக்கி இறக்கற மெல்லிய குழாய்). ஸ்டாண்டர்டு போர் 73.025 மி.மீ. சுவர் கனத்தை அளந்து பார்த்து, 76.97-க்கு போர் பண்ணி, அடியில 5 மி.மீ. வெட்டாம படி விட்டாச்சு. ஸ்லீவ் வெளிவிட்டம் 77.03. அந்த 0.06, அதாவது 2 தௌக்குக் (தௌ: அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு) கொஞ்சம் மேல, அதுதான் பிடி. இது குறைஞ்சா ஸ்லீவ் சூட்டுல நகரும், கூடினா மெலிஞ்ச சுவர் புதுசா கிழியும். ஸ்லீவை டிரை ஐஸ்ல வச்சு, பிளாக்கைச் சூடாக்கி, ஒரே மூச்சுல இறக்கணும். பாதியில நின்னா பிரஸ்ஸாலயும் நகராது. பிறகு போர், கடைசி 0.05 ஹோனிங்ல (கல்லால தேய்ச்சு எடுக்கறது). பக்கத்து சிலிண்டரையும் திரும்ப அளங்க, ஸ்லீவோட நெருக்கல்ல அது லேசா முட்டை வடிவம் ஆகியிருக்கும்.


காசிமேடு டீசல்

ஒரு மாரிஸ் மைனர் பிளாக். வெல்ச் பிளக் எடுத்ததும் தண்ணி வரல, களிமண் மாதிரி துரு வந்தது. நாலாவது சிலிண்டருக்குப் பின்னாடி மட்டும் ஒரு டப்பா நிறைய. அதுக்குப் பின்னாடிதான் விரிசல். அவ்வளவுதான் சொல்ல இருந்தது.

ஆனா மேல எழுதின யாரும் தண்ணியைப் பத்திப் பேசலையே? நம்ம பக்கம் கடற்கரை ஓரத்துல போர்வெல் தண்ணி உப்பு. அதை ரேடியேட்டர்ல ஊத்தற வரைக்கும் எந்தத் தையலும் நிக்காது. துரு அடியில படியும், கடைசி சிலிண்டர் பக்கம் ஓட்டம் அடைபடும், அந்த ஓரம் மட்டும் கொதிக்கும். மீட்டர் நார்மல்தான் காட்டும். அது ஹெட் பக்கத்துத் தண்ணியைப் பார்க்குது, அடியில நிக்கற சேறைப் பார்க்கல. கொதிச்சதும் பயந்து பச்சைத் தண்ணியை ஊத்துவாங்க, அங்கேதான் கிழியுது. அரை மணி நேரம் மூடியைத் தொடாதீங்க. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, வெந்நீரை நூல் மாதிரி ஊத்துங்க.

பிளாக் வெறுமையா இருக்கும்போதே சுத்தம் பண்ணிடுங்க. ஒரு பங்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு), ஒன்பது பங்கு தண்ணி, ட்ரம்முல ரெண்டு வாரம் முங்க வைங்க. துரு மட்டும் கரையும், நல்ல இரும்பு நிக்கும். அலுமினியப் பாகம் எதுவும் கூட முங்கக் கூடாது. நாத்தம் அடிக்கும், மொட்டை மாடியில வைங்க. திரும்ப நிரப்பும்போது பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு தண்ணியும் கூலண்டும் ரெண்டுக்கு ஒண்ணு. நமக்கு உறையற பயம் இல்ல, வேண்டியது அதுல இருக்கற துருத் தடுப்பு மருந்து. வெறும் ஆர்.ஓ. தண்ணி நல்லதுன்னு நினைக்காதீங்க, மருந்து இல்லன்னா அதுவும் துரு பிடிக்க வைக்கும்.

இன்னொண்ணு. ஹெட் ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோட பிடிக்கற மரைக் கம்பி) இறங்கற துளைகள்ல அடி மூடினதும் இருக்கும். அதுல எண்ணெயோ தண்ணியோ நின்னா, ஸ்டட்டை இறுக்கும்போது அது போக இடமில்லாம துளையையே பிளந்துடும். புது விரிசல்ல பாதி இப்படித்தான் ஒர்க்ஷாப்புக்குள்ளேயே பிறக்குது. ஏர் அடிச்சு, துணி விட்டு, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு இறக்குங்க.


பழைய இரும்பு

புதுப்பேட்டையில் (பழைய வண்டிப் பாகச் சந்தை) வேறு பிளாக் வாங்கிப் போடுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு. ஒரு பிளாக் பார்வைக்கு எடுப்பாக இருந்தது, போரும் தேயவில்லை. ஆனால் மெயின் கேப் (கிராங்கை அடியில் தாங்கிப் பிடிக்கும் மூடி) மூன்றில் ஒன்று நிறம் மாறியிருந்தது, வேறு இன்ஜினில் இருந்து வந்தது. கேப்பைப் போட்டு இறுக்கிய பிறகுதான் அந்தத் துளையைக் குடைகிறார்கள். கேப் மாறினால் கிராங்க் சுற்றாமல் இறுகிப் பிடிக்கும். சொந்தக் கேப் இல்லாத பிளாக்கை, லைன் போரிங் செலவையும் கூட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் பொருந்த வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' வரிசையில் விண்டேஜ் பதிவு உண்டு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. ஆகவே எண் பொறித்த பழைய பிளாக்கைக் காப்பாற்ற வழி இருக்கும்வரை அதையே காப்பாற்றுங்கள்.


தண்டையார்பேட்டை ஏ40

விரிசலுக்கு எபாக்ஸி பசை போதுமான்னு தனியா கேட்டவருக்கு: வெளிச்சுவர்ல, 4, 5 பிஎஸ்ஐ மட்டும் வர்ற இடத்துல நிக்கும். சிலிண்டருக்குள்ள எரியற வாயு தொடற இடத்துல நிக்காது.

தையல் முடிஞ்சு பிரஷர் டெஸ்ட். துளைகளை எல்லாம் ரப்பர் ஷீட், இரும்புத் தகடு வச்சு அடைச்சு, 30 பிஎஸ்ஐ காத்து, தொட்டித் தண்ணியில முங்க வச்சு. பச்சைத் தண்ணியில அரை மணி நேரம், ஒரு குமிழி இல்ல. தண்ணியை 75 டிகிரிக்கு ஏத்தினதும் 11-வது பின் ஓரத்துல ஒண்ணு, குண்டூசித் தலை அளவு. பத்து எண்ணினா அடுத்தது. ஆறவிட்டா நின்னுடுது. பச்சைத் தண்ணி டெஸ்டை நம்பி மாட்டியிருந்தா வண்டி ரோட்டுலதான் காட்டியிருக்கும்.

சுத்தியால இன்னும் ரெண்டு சுத்து தட்டியும் வருது. 11-ஐ எடுத்துட்டு எம்8 போடலாமா, இல்ல 10-க்கும் 11-க்கும் நடுவுல எம்5 ஒண்ணு இறக்கலாமா? சுவர் 5 மி.மீ.தான், அதை நினைச்சு சொல்லுங்க. போரிங் அண்ணே, உங்களைத்தான் கேக்கறேன்.