கீரையும் பழமும் தின்றும் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது, ஏன்?

சேலைப்பிரிவு:
வயது 36. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, காலை 9:30 முதல் இரவு 9 வரை நின்றபடியே. ஐந்து மாதமாக மலச்சிக்கல். போனாலும் ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக. தினமும் வாழைப்பழம், வாரத்தில் மூன்று நாள் கீரை, ஒன்றும் குறைவில்லை. மாமியார் உடம்புச்சூடு என்று விளக்கெண்ணெய் கொடுத்தார், அன்றைக்குப் போனது, அப்புறம் பழைய கதைதான். நாட்டு மருந்துக் கடைச் சூரணம் முதலில் ஒரு ஸ்பூன் போதுமாக இருந்தது, இப்போது இரண்டரை. வாதம் என்கிறார்கள். வாதம் மூட்டுவலிக்குத்தானே?

மாத்திரைக்கடை:
வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? காலையில் வருகிறதா, வராமலே இருக்கிறதா? இது இரண்டையும் சொல்லாமல் உணவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சேலைப்பிரிவு:
ரத்தம் 9 தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை, கூடவே கால்சியம். அட, அதுவும் ஐந்து மாதம்தான் ஆகிறது! காலை ஆறு மணிக்கு வருகிற மாதிரி இருக்கும், ஆனால் அந்த நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும், பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும், அடக்கிவிடுவேன். கடையில் இருபது பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதுவும் மூன்றாவது மாடி. அதனால் தண்ணீரே அதிகம் குடிப்பதில்லை.

மாத்திரைக்கடை:
சரி, பாதிக் காரணம் அதிலேயே வந்துவிட்டது. இரும்பு, கால்சியம் இரண்டுமே மலத்தை இறுக்கும். இரும்பால் மலம் கறுத்தும் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் உடனே காட்டுங்கள். இரும்பை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், சிலருக்கு அப்படியும் கொடுக்கிறார்கள்.

மீதிப் பாதி அடக்குவது. எழுந்தவுடனும் சாப்பிட்டவுடனும் பெருங்குடல் தானாகத் தள்ளும், அந்த நேரத்தைத் தவற விட்டால் உணர்வு அடங்கிவிடும். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதுதான் உங்கள் புழுக்கை. 1997-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து ஒரு அட்டவணை போட்டார்கள், அதில் முதல் வகையே இதுதான்.

மாதவிடாய் அதிகமாகப் போகிறதா? அப்படியானால் தைராய்டும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தால் இரண்டு தொல்லையும் சேர்ந்து வரலாம். மலத்தில் ரத்தம் போனாலோ எடை இறங்கினாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

கஷாயம்:
ஆயுர்வேதம் படித்தவள். வாதம் என்றால் மூட்டுவலி மட்டுமில்லை அக்கா, உடம்பில் அசைகிற எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். மலத்தையும் சிறுநீரையும் கீழே தள்ளுவது அபான வாயு, வாதத்தின் ஐந்து பிரிவில் ஒன்று. அடக்கினால் அது தடம் மாறும் என்பது கணக்கு. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் ஏழாவது அத்தியாயம் அடக்கக் கூடாதவை பற்றித்தான் தொடங்குகிறது, 13 வேகங்கள், அதாவது உடம்பின் உந்துதல்கள், நம் சித்த மருத்துவத்தில் 14. மலத்தை அடக்கினால் வயிறு உப்பும், தலைவலிக்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும் என்று எழுதியிருக்கிறது. கெண்டைக்கால் உங்களுக்கு நின்று நின்றே வலிக்கும், அதை இதன் மேல் போடமாட்டேன்.

வாதத்தின் முதல் குணமே வறட்சி. தண்ணீர் குடிக்காமல் பொரியும் மிக்சரும் கொறித்தால் வாதம் ஏறும். சோற்றில் ஒரு ஸ்பூன் நெய், காலையில் வெந்நீர், அவ்வளவில் தொடங்குங்கள். அந்தச் சூரண டப்பாவில் நிலாவாரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பேதி மருந்து. இயற்கை என்று அளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

வெட்டிப்பேச்சு:
இசப்கோல் சாப்பிடுங்க, எனக்கு அருமையா வேலை செஞ்சது.

மாத்திரைக்கடை:
தண்ணீர் குடிக்காதவரிடம் இசப்கோலா? ஒரு டம்ளர் தண்ணீரோடு கலக்கி, மேலே இன்னொரு டம்ளர் குடித்தால்தான் சரி, இல்லாவிட்டால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும்.

சேலைப்பிரிவு:
டப்பாவைப் பார்த்தேன், முதல் பெயரே நிலாவாரை. மாதவிடாயும் அதிகம்தான், சனிக்கிழமை தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கிறேன். நாளைக்கு ஆறு மணிக்கு வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் பிடிக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது.