நியூயார்க் பக்கம் பிரேசில் சாப்பாடு: எங்கே போகணும், எதைச் சாப்பிடணும், நம்ம மரச்சீனி மாவில் வீட்டில் வருமா?

கேள்வி – மார்த்தாண்டம் வாசி

ஜூன் மாதம் நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகிறோம். பிரேசில்காரர்கள் வாழும் பகுதியைப் பார்த்து, அவர்கள் தினமும் சாப்பிடுவதைச் சாப்பிட ஆசை. வீட்டுக்காரி மாடும் பன்றியும் தொடமாட்டாள். மீன், கோழி ஆகும். எந்தப் பக்கம் போவது? பாவ் டி கேஜோ என்ற சீஸ் உருண்டையை நம்ம ஊர் மரச்சீனி மாவில் செய்தால் ஏன் உப்பாமல் தட்டையாகி விடுகிறது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – ஃபெரி ஸ்ட்ரீட்

மன்ஹாட்டனில் 46ஆம் தெருவில், ஐந்தாம் ஆறாம் அவென்யூக்களுக்கு நடுவே 'லிட்டில் பிரேசில்' என்று பலகை இருக்கும். பெயர் பெரிது, இன்று கடைகள் கொஞ்சம்தான். நீங்கள் போக வேண்டியது நுவார்க் நகரின் அயர்ன்பவுண்ட் பகுதி. நுவார்க் பென் ஸ்டேஷனில் இறங்கிப் பின்பக்கம் வந்தால் நடக்கிற தூரத்தில் ஃபெரி ஸ்ட்ரீட். நியூயார்க்கிலிருந்து வந்தால் வேர்ல்ட் டிரேட் சென்டரில் பாத் ரயில் ஏறுங்கள், நேராக வரும். 33ஆம் தெருவில் ஏறினால் ஜர்னல் ஸ்கொயரில் மாற வேண்டும்.

பிரேசில்காரர்களுக்கு முன்பே அங்கே குடியேறியவர்கள் போர்த்துகீசியர்கள். மொழி ஒன்று என்பதால் 1980களில் பிரேசில்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அதனால் போர்த்துகீசிய எழுத்தைப் பார்த்ததும் பிரேசில் கடை என்று நுழைந்துவிடாதீர்கள். உப்புக் கருவாட்டுக் காட் மீனை முன்னால் அடுக்கி வைத்திருந்தால் அது பெரும்பாலும் போர்ச்சுகல் கடை. கண்ணாடிப் பெட்டியில் பாவ் டி கேஜோவும், கோழி பொதிந்த கூம்பு வடிவக் கொஷின்யாவும் இருந்தால் பிரேசில் கடை. அமெரிக்காவுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் கவர்னடோர் வலடாரிஸ் பகுதிக்காரர்கள். பாவ் டி கேஜோ அந்த மாநிலத்துப் பண்டம். காலையில் போய் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் சாப்பிடுங்கள். ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

மதியத்துக்கு எடை போட்டு விற்கும் பஃபே கடைதான் சரி. பிரேசிலில் கிலோ கணக்கு, இங்கே பவுண்ட் கணக்கு. சோறும் பயறும் எடை கூட்டும், அளவாக எடுங்கள். சுட்ட இறைச்சிக்குத் தனி விலை இருக்கலாம், தட்டு வைக்குமுன் கேளுங்கள். கம்பியில் சுட்ட இறைச்சியை மேசைமேசையாகக் கொண்டுவரும் ஹொடீசியோ கடைக்கு உங்கள் வீட்டம்மா வந்தால் முழுக் காசு கொடுக்க வேண்டாம். சாலட் மேசைக்கு மட்டும் தனி விலை பல கடைகளில் உண்டு. நீங்கள் மாடு சாப்பிடுவீர்கள் என்றால் கல்லுப்பு மட்டும் போட்டுச் சுடும் பிகான்யாவுக்கு வயிற்றில் இடம் வையுங்கள். முதலில் வரும் சாஸேஜில் வயிற்றை நிரப்பிவிடக் கூடாது.

பதில் – குழித்துறை அடுக்களை

வீட்டம்மாவுக்கு ஒரு முக்கியமான விஷயம், சார். 'இறைச்சி வேண்டாம்' என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் மாட்டைத்தான் நினைப்பார்கள். ஹாம், கோழி, பேக்கன் தட்டில் வந்துவிடும். பன்றி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பார்வைக்குச் சைவமாக இருக்கும் பீன்ஸ் குழம்பிலும், பொடிப்பொடியாக நறுக்கி வதக்கிய கோவிக் கீரையிலும் பேக்கன் போடுவது வழக்கம். ஃபெஜுவாடா என்பது கருப்பு பீன்ஸைப் பன்றித் துண்டுகளோடு வேக வைத்தது, அதைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு மொக்கேகா என்ற மீன் குழம்பு வாங்கிக் கொடுங்கள். பாயியா மாநிலத்து முறை என்றால் தேங்காய்ப்பாலும் டெண்டே எண்ணெயும் உண்டு. எஸ்பிரிட்டு சான்டோ முறையில் இரண்டும் கிடையாது, நிறத்துக்கு அன்னாட்டோ விதை.

டெண்டே என்பது சிவப்புப் பனை எண்ணெய். ரேஷன் பாமாயில் அதே மரத்து எண்ணெய்தான் என்றாலும், சுத்திகரித்ததில் நிறமும் வாசமும் போய்விடும். அதை ஊற்றினால் மொக்கேகா ஆகாது.

இனி மாவு. இங்கே கடையில் 'மரச்சீனி மாவு' என்று இரண்டு வேறு சரக்கு விற்கிறார்கள். ஒன்று, வாட்டுக் கிழங்கை (வெந்நீரில் வாட்டிக் காய வைத்தது) அப்படியே அரைத்தது. நாரும் வாசமும் இருக்கும். இன்னொன்று, கிழங்கைத் துருவிப் பிழிந்து, தண்ணீரில் அடியில் படிவதை எடுத்துக் காய வைத்த ஸ்டார்ச். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. விரலுக்கு நடுவே தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும். பச்சைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் வெள்ளையாக அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளியும். ஆரோட் மாவு என்று வருவதில் சோள மாவு கலந்திருக்க வாய்ப்புண்டு, நம்பாதீர்கள்.

250 கிராம் ஸ்டார்ச்சுக்கு 120 மி.லி. பால், 50 மி.லி. எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. மூன்றையும் பொங்கக் கொதிக்க வைத்து அந்தக் கணமே மாவில் ஊற்றிக் கிளறுங்கள். தட்டையாவதற்கு முதல் காரணம் இந்த இடம்தான்: பால் வெறும் சூடாக இருந்தால் ஸ்டார்ச் வேகாது, ஓவனில் உருகி ஓடிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் முட்டை. இரண்டு முட்டையை அடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். உருட்ட வருகிற, கையில் லேசாக ஒட்டுகிற பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். முட்டை மிஞ்சினாலும் பரவும். கடைசியாக 50 கிராம் பார்மேசான், 100 கிராம் மொஸரெல்லா துருவல். பனீர் மட்டும் போட்டால் உப்பும் மணமும் இருக்காது.

கையில் எண்ணெய் தொட்டு 30 கிராம் உருண்டைகளாக உருட்டி, நன்றாகச் சூடேறிய ஓவனில் 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது.

மார்த்தாண்டம் வாசி

நன்றி. புளித்த மாவு என்று ஒன்று சொல்கிறார்களே, அது கட்டாயமா?

பதில் – பாறசாலை மாஷ்

கட்டாயம் இல்லை. ஆனால் அந்த லேசான புளிப்பும் மேலே வெடித்து உப்புவதும் அதிலிருந்துதான் வருகிறது. போல்வில்யோ டோசி என்பது புளிக்காத ஸ்டார்ச், போல்வில்யோ அஸேடோ புளித்தது. நல்ல கடைகளில் இரண்டையும் கலப்பார்கள். அடியில் படிந்த ஸ்டார்ச்சைத் தண்ணீருக்குள்ளேயே வாரக்கணக்கில் புளிக்க விட்டு, பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். நிழலிலோ ஓவனிலோ காய வைத்தால் அந்த உப்புதல் வராது. புளிப்பும் வெயிலும் சேர்ந்துதான் ஸ்டார்ச்சை மாற்றுகின்றன. பிழிந்த தண்ணீரை ஆடு மாடு குடிக்கிற இடத்தில் ஊற்றாதீர்கள், கட்டுக் கிழங்கு (கசப்பு வகை) என்றால் அதில் விஷம் இருக்கும். நம்ம ஊர் இடவப்பாதி மழையில் இந்த வேலைக்கே இறங்க வேண்டாம். ஃபெரி ஸ்ட்ரீட் மளிகைக் கடையில் அஸேடோ பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

அதே மாவில் டப்பியோக்கா தோசையும் உண்டு, இது எளிது. ஸ்டார்ச்சில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, புட்டு மாவுப் பதத்தில் சல்லடையில் அரித்து, எண்ணெய் தடவாத சூடான கல்லில் தூவுங்கள். சூட்டில் தானே ஒட்டிக்கொள்ளும். ஓரம் கிளம்பியதும் தேங்காய்த் துருவல் வைத்து மடிக்க வேண்டியதுதான். கட்டி விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது. உதிர்ந்து போனால் குறைவு.

மரச்சீனி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த கிழங்கு. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். ஆனால் அவர்கள் கிழங்கில் எடுக்கிற வகைகளில் பாதி நாம் எடுப்பதில்லை. பஃபேயில் மணல் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள், ஃபரோஃபா. துருவிப் பிழிந்த கிழங்கை வறுத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு புரட்டியது. தனியாகச் சாப்பிட்டால் தொண்டையை அடைக்கும், பீன்ஸ் குழம்பின் மேல் தூவுங்கள். இதிலும் பேக்கன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் – ஃபெரி ஸ்ட்ரீட்

ஜூன் என்பதால் இன்னொன்று. அந்தோணியார் (13), திருமுழுக்கு யோவான் (24), பேதுரு (29) திருநாள்களை ஒட்டி பிரேசில்காரர்கள் ஜுனினா விழா எடுப்பார்கள். அங்குள்ள கத்தோலிக்கக் கோயில்களில் போர்த்துகீசியப் பூசை எப்போது என்று பார்த்து, அறிவிப்புப் பலகையில் தேதி பாருங்கள். சோளத்தில் செய்த பமோன்யா, கஞ்சிகா எல்லாம் அன்றைக்குத்தான் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும். தெருவில் கபோயிரா (ஆட்டம் போல ஆடும் பிரேசில் சண்டைக் கலை) வட்டம் கண்டால் வெளியே நின்று கை தட்டலாம், குறுக்கே நடக்கக் கூடாது.

பதில் – குழித்துறை அடுக்களை

ஒன்று விட்டுப்போச்சு: உருட்டிய உருண்டைகளைத் தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு பையில் போடுங்கள். சுடும்போது உருக விடாமல் அப்படியே ஓவனில் வைத்து ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.