போட்டோ பேக்கப்: கிளவுடா, ஹார்ட் டிஸ்க்கா? (அப்பத்தா படம் போன கதை)

தேனி_வாசு
கிளவுடை (இணையம் வழியாகக் கூகுள், ஆப்பிள் மாதிரி கம்பெனிகளின் கணினியில் படத்தைச் சேமிக்கிற வசதி) நம்பிக் கெட்டவன் எழுதுகிறேன். தை மாதம் போனில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. படமெல்லாம்தான் கிளவுடில் ஏறிவிட்டதே என்ற தைரியத்தில் போட்டோ ஆப்பைத் திறந்து, 2019 முதல் 2021 வரை மொத்தமாக அழித்தேன். போன வாரம் அப்பத்தா திவசத்துக்கு ஒரு படம் பிரேம் போடலாம் என்று லேப்டாப்பில் தேடினால் அந்த மூன்று வருடமும் காலி. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து அப்பத்தா மொச்சை உரிக்கிற படம் ஒன்று உண்டு, அதற்காகத்தான் தேடினேன். குப்பைத்தொட்டியிலும் இல்லை. இனி கிளவுடே வேண்டாம், ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறேன். தப்பா?

ஸ்டுடியோ_மணி
தப்பே இல்லை தம்பி. 22 வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன், ஒரு படத்தைக்கூட மேலே ஏற்றியதில்லை. இவர்கள் வியாபாரமே முதலில் ஓசி, பழகினதும் மீட்டர். கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது, கொஞ்சம் சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள் என்றார்கள். 2021 ஜூன் 1ஆம் தேதி அது நின்றது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். பிளிக்கர் என்ற படத் தளம் ஒரு டெராபைட் (சுமார் ஆயிரம் ஜிபி) கொடுத்து ஆசை காட்டிவிட்டு, 2018இல் ஓசிக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அறிவித்தது. அடுத்த வருடம் மிச்சத்தை அழிக்கவும் ஆரம்பித்தது. நம் வீட்டுப் படத்தை அடுத்தவன் பரணில் போட்டு மாதா மாதம் வாடகை கட்டுவானேன்? டிஸ்க் ஒருமுறைச் செலவு. பீரோவில் வைத்துப் பூட்டு.

முடிச்சூர்வாசி
பீரோ என்றதும் சிரிப்பு வந்துவிட்டது மணி அண்ணே. 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். எங்கள் வீட்டில் ஹார்ட் டிஸ்க் ஒன்றில்லை, இரண்டு. இரண்டுமே பீரோவின் கீழ்த்தட்டில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில். தெருவில் தண்ணீர் ஏறியபோது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம், பீரோவை யார் நினைத்தார்கள்? வடிந்தபிறகு ஆல்பத்தைப் பிரித்தேன். பக்கங்கள் ஒட்டிப்போய், என் மனைவியின் முகம் எதிர்ப்பக்கத்தில் மாமனாரின் வேட்டி மேல் இருந்தது. டிஸ்க்குகளுக்குள் சேறு. மிஞ்சியது மஸ்கட்டில் இருக்கும் மச்சானுக்கு மெயிலில் அனுப்பிய நாற்பது சொச்சம் படங்கள்தான். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் அண்ணே. எனக்கு அந்த வேறு ஊர் கிளவுட்.

பின்னிரவுப்_பூனை
இருவரும் வாசுவின் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். வாசு, நீங்கள் அழித்தது போனில் இருந்ததை மட்டுமில்லை. கூகுள் போட்டோஸ், ஆப்பிளின் ஐகிளவுட் போட்டோஸ் எல்லாம் போனையும் கிளவுடையும் ஒன்றுபோல வைத்திருக்கிற ஏற்பாடு. கண்ணாடி முன் நின்று பொட்டை அழித்தால் கண்ணாடிக்குள் மட்டும் பொட்டு இருக்குமா? பேக்கப் ஆன படத்தை ஆப்பில் அழித்தால் கூகுளில் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், ஐகிளவுடில் 30 நாள். அதற்குள் எடுக்காவிட்டால் அவ்வளவுதான். போனில் இடம் மட்டும் வேண்டுமென்றால் கூகுள் போட்டோஸில் 'இடத்தைக் காலியாக்கு' என்று தனிப் பொத்தான் இருக்கிறது. அது ஏறி முடிந்த படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். ஐபோன் அமைப்புகளிலும் மூலப்படத்தைக் கிளவுடில் வைத்துக்கொண்டு போனில் சின்னப் பிரதியை மட்டும் விடுகிற வசதி உண்டு.

அப்புறம், எல்லாம் ஏறிவிட்டது என்கிற நினைப்பே பாதி நேரம் பொய். ஆண்ட்ராய்டில் கேமராப் படம் தானாக ஏறும். வாட்ஸ்அப் போல்டரை நாமே போய் ஆன் செய்தால்தான் ஏறும். நம் வீட்டு விசேஷப் படங்களில் பாதி அங்கேதானே கிடக்கிறது? பழைய டிஜிட்டல் கேமரா படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், அந்த போல்டரை ஒருமுறை காட்டிக்கொடுக்காமல் எந்தக் கிளவுடும் தேடி வராது.

பட்டர்_பிஸ்கட்
வாட்ஸ்அப் போல்டரை ஆன் செய்யும் முன் யோசியுங்கள். பெரியப்பா போனில் செய்து கொடுத்தேன். 15 ஜிபியில் பாதி 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ. இடம் நிரம்பி அவருக்கு மெயில் வருவதே நின்றுபோனது.

ஸ்டுடியோ_மணி
பொத்தான் விஷயம் சரி பூனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவி யார் கையில்? 2022இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு செய்தி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அப்பா, உடம்புக்கு முடியாத குழந்தையைப் படம் எடுத்தார், டாக்டருக்குக் காட்டத்தான். தானியங்கிச் சோதனை அதைத் தப்பான படம் என்று எடுத்துக்கொண்டது. கூகுள் கணக்கே முடக்கம். குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் கணக்கைத் திருப்பித் தரவில்லை. மெயில், படம், போன் நம்பர் எல்லாம் அதோடு சரி. என் பீரோவை யாரும் சோதனை போடுவதில்லை.

இன்னொன்று, வீட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் முதல் வேலையாக அவருடைய ரீசார்ஜை நிறுத்துவார்கள். கொஞ்ச நாளில் நம்பர் வேறு ஆளுக்குப் போகும். ஓடிபி எங்கே வரும்? கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாவிட்டால் அழிக்கலாம் என்று விதியே இருக்கிறது.

பின்னிரவுப்_பூனை
அதற்கும் வழி இருக்கிறது அண்ணே. நான் இத்தனை மாதம் உள்ளே வரவில்லை என்றால் இன்னாருக்குக் கொடு என்று கூகுளில் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆப்பிளிலும் வாரிசைக் குறிக்கிற வசதி வந்துவிட்டது. யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம், நானே போன மாதம்தான் செய்தேன். கணக்கு முடக்கத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் கிளவுட் ஒன்றே போதும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

முடிச்சூர்வாசி
மணி அண்ணே, 22 வருடத்தில் உங்கள் டிஸ்க் ஒன்றுகூடவா சாகவில்லை? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஸ்டுடியோ_மணி
இரண்டு. ஒன்று ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது. இன்னொன்று வைத்த இடத்திலேயே 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுச் செத்தது. அதில் ஒரு வளைகாப்பு இருந்தது. அந்த அம்மா வாசலில் நின்று கேட்டதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு விசேஷமும் இரண்டு டிஸ்க், ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று திருமங்கலத்தில் மச்சினன் வீட்டில். கிளவுடுக்குப் போகாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. ஒரு கல்யாணம் வீடியோவோடு 300 ஜிபி. என் இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட். விடாமல் ஓடினாலும் 33 மணி நேரம். வைகாசியில் வாரத்துக்கு நாலு கல்யாணம் வந்தால் என்ன செய்வேன்?

முடிச்சூர்வாசி
அப்படியென்றால் மச்சினன் வீடுதான் உங்கள் கிளவுட். வாடகை கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டுடியோ_மணி
ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறான்.

பின்னிரவுப்_பூனை
வாசு கணக்கு வேறு. அவருக்கு 300 ஜிபி ஏது? படம் ஒன்று 4 எம்பி என்றாலும் 15 ஜிபியில் மூவாயிரத்து எழுநூறு படம் நிற்கும். வீடியோதான் இடத்தைத் தின்னும். பற்றாவிட்டால் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், மசால் தோசை இரண்டு. வாசு, கிளவுடை விடாதீர்கள். டிஸ்க்கும் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். கம்ப்யூட்டரோடு செருகியே வைத்திருந்தால், வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

தேனி_வாசு
எல்லோருக்கும் நன்றி. ஒரு நல்ல செய்தி. கம்பத்தில் சித்தி போனில் தேடச் சொன்னேன், மொச்சைப் படம் இருந்தது! எப்போதோ நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. சுருங்கின படம், பெரிதாக்கினால் அப்பத்தாவின் மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளி. ஆறுக்கு எட்டுக்கு மேல் போட்டால் நன்றாக இருக்காது என்று பிரேம் கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்த அளவே போதும்.

டிஸ்க் வாங்கிவிட்டேன், அது ஊரில் அப்பா வீட்டில் இருக்கும். 130 ரூபாயும் கட்டிவிட்டேன், மணி அண்ணே திட்டாதீர்கள். கிளவுடில் மிச்சமிருப்பதை மொத்தமாக இறக்கினேன். அதில் ஒரு சந்தேகம், வாட்ஸ்அப் வழி வந்த படங்கள் எல்லாம் நேற்றுத் தேதியைக் காட்டுகின்றன. உண்மைத் தேதி பக்கத்தில் தனி ஜேசான் கோப்பாக (படத்தின் விவரங்களை எழுத்தில் வைத்திருக்கும் சின்னக் கோப்பு) இருக்கிறது. அதைப் படத்துக்குள் சேர்க்க வழி உண்டா?

பின்னிரவுப்_பூனை
உண்டு, எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவச நிரல். கட்டளைகளை ராத்திரி எழுதுகிறேன். அதுவரை எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஸ்டுடியோ_மணி
தம்பி, மொச்சைப் படத்தை எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு. மூக்குத்தியைக் கொஞ்சம் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கிறேன்.